ஸதகா அல்ல, ஹக்: வேலைத்தளத்தில் போன கைக்கு சட்டம் சொல்லும் கணக்கு



அன்பின் உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். மில் வைத்திருப்போரும், மில்லில் வேலை செய்வோரும், பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வாப்பா உம்மாமாரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

மருதமுனை முதல் பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களில் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு விபத்து நடந்தால், அடுத்து நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அரிசி ஆலையின் பெல்ட்டில் கை அகப்படும். மரஆலையின் வாளில் விரல் போகும். கட்டட வேலையில் சாரம் சரிந்து இடுப்பு உடையும். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார், செலவைப் பார்ப்பார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கூடி ஒரு தொகையைக் கதைத்து முடிப்பார்கள். "நஸீப், என்ன செய்ய" என்று எல்லோரும் கலைந்து போவார்கள். நோன்பு காலத்தில் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி போகும். நாலைந்து வருடத்தில் அதுவும் நின்றுவிடும்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பள்ளியில் ஒரே ஸப்பில் நிற்பவர்கள். பலவேளை மச்சான், மாமா என்று உறவும் இருக்கும். ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பணம் ஸதகாவா, ஹக்கா? கொடுப்பவரின் தயவா, பெறுபவரின் உரிமையா?

இந்த நாட்டின் சட்டம் இதற்கு 1934லேயே பதில் சொல்லிவிட்டது. அது ஹக். அந்தப் பதில் எப்படி வந்தது என்பதைப் பார்க்க, அப்போது நம்மை ஆண்ட ஆங்கிலேயரின் நாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

1837ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஃபவுலர் என்ற இறைச்சிக்கடைக்காரரிடம் பிரீஸ்ட்லி என்ற இளைஞன் வேலை செய்தான். அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றிய வண்டி வழியில் உடைந்து, அவனது தொடை எலும்பு முறிந்தது. முதலாளிமீது வழக்குப் போட்டான். முதலில் ஜூரிமார் அவனுக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். மேலே இருந்த நீதிபதிகள் அதை மாற்றினார்கள். ஆபத்து என்று கண்டால் அவன் அந்த வண்டியில் ஏறாமல் இருந்திருக்கலாம், ஏறியது அவன் ஏற்றுக்கொண்ட ஆபத்து என்பதே அவர்களது வாதத்தின் சாரம். வேலையை மறுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்தக் கொள்கையை உடைக்க 60 வருடம் எடுத்தது. இடையில் 1884இல் ஜெர்மனி, வேலைத்தள விபத்துக்கான காப்புறுதியைச் சட்டமாக்கியது. 1897இல் பிரித்தானியா தனது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலையால், வேலை நேரத்தில் விபத்து நடந்தால், முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, நட்டஈடு உண்டு என்பதே அதன் அடிப்படை. 1923இல் இந்தியாவுக்கும் அப்படியொரு சட்டம் வந்தது.

இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. கூலித் தொழிலாளியும் வாக்காளனாகி, அரசாங்க சபையில் தொழிலாளர் விடயம் பேசப்படத் தொடங்கியது. தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக ஹட்டன் தொகுதியின் பெரி சுந்தரம் இருந்தார். அம்பாறை அப்போது தனி மாவட்டம் இல்லை, 1961இல்தான் அது பிரிந்தது. நமது பகுதி மட்டக்களப்பு தெற்குத் தொகுதிக்குள் இருந்தது. அதன் உறுப்பினரான எச்.எம். மாக்கான் மாக்கார், போக்குவரத்து, பொதுவேலைகள் அமைச்சராக அதே அமைச்சரவையில் இருந்தார். அந்தக் காலத்தில்தான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் மையம் எளிமையானது. வேலையின் காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏற்பட்ட விபத்தில் ஒருவர் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். "நான் என்ன பிழை செய்தேன்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கணக்கு என்பதற்குச் சட்டத்திலேயே அட்டவணை உண்டு. "எனக்கு நட்டஈடு வேண்டாம்" என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் அந்தக் கடதாசி செல்லாது. தொழிலாளி மௌத்தாகிவிட்டால் பணத்தை நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். மையித்து வீட்டில் யாரோ ஒருவரின் கையில் திணித்து முடித்துவிடாமல், உரிய வாரிசுகளுக்குப் போய்ச் சேரவே இந்த ஏற்பாடு.

2022இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, நட்டஈட்டின் உச்சத் தொகை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நடக்கும் விபத்துகளும் உள்ளடக்கப்பட்டன. அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் மில்லுக்குப் போகும் நமது தம்பிமாருக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லத் தேவையில்லை.

"இது வெள்ளைக்காரன் சட்டம், நமக்கு நமது வழக்கம் இருக்கிறது" என்று சிலர் சொல்வதுண்டு. நமது வழக்கத்தையே பார்ப்போம். ஃபிக்ஹு நூல்களில் தியத் என்ற பாடம் இருக்கிறது. ஒரு விரலுக்கு 10 ஒட்டகம், ஒரு கைக்கு முழுத் தியத்தின் பாதி என்று உறுப்புக்கு உறுப்பு கணக்கு அதில் உண்டு. தவறுதலாக நடந்த காயத்துக்கும் தியத் உண்டு. தியத்தும் நட்டஈட்டுச் சட்டமும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. காயத்தின் பெறுமதி கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்ததல்ல, அதற்கு நிர்ணயித்த கணக்கு உண்டு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. கணக்கு இருக்கும் இடத்தில் கொடுக்கல் ஹக்காகிறது. தருவது எவ்வளவானாலும் சரி என்ற இடத்தில்தான் அது ஸதகா.

இன்னொன்றும் உண்டு. 1058இல் வபாத்தான இமாம் அல்மாவர்தி ஆட்சிமுறை பற்றி எழுதிய நூலில், முஹ்தஸிப் என்ற சந்தை மேற்பார்வையாளரின் கடமைகளைச் சொல்கிறார். கப்பல்காரர்கள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதையும், கடும் காற்றில் கப்பலை எடுப்பதையும் அவர் தடுக்க வேண்டும். அதாவது விபத்து நடந்தபிறகு அல்ல, நடக்குமுன்பே தலையிட வேண்டும். பிரீஸ்ட்லியின் உடைந்த வண்டியை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அந்த வண்டி புறப்படும் முன்னரே நிறுத்தக்கூடிய ஓர் அதிகாரியை நமது அறிஞர்கள் சுமார் 800 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

விபத்துக்கு முன் தலையிடும் அந்த வேலையை இலங்கையில் செய்ய வந்தது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அந்த வருட ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. யுத்தத்துக்கு நடுவே எழுதப்பட்ட சட்டம் இது. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் சாயல் அதில் நன்றாகத் தெரியும்.

தொழிற்சாலை என்றதும் கட்டுநாயக்க, பியகம என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருட்களைச் செய்யும், திருத்தும், பதப்படுத்தும் தொழிலில் கூலிக்கு ஆட்கள் உடலுழைப்புச் செய்யும் இடம் தொழிற்சாலைதான். அந்தக் கண்ணால் பார்த்தால் சம்மாந்துறையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள அரிசி ஆலை, மரஆலை, தளபாடப் பட்டறை, வெல்டிங் கடை, ஐஸ் பெக்டரி எல்லாம் அதற்குள் வருகின்றன.

அந்தச் சட்டம் கேட்பவை ஒன்றும் ஆகாயத்தில் இருப்பவை அல்ல. சுழலும் சக்கரம், பெல்ட், அச்சு ஆகியவற்றுக்கு மறைப்புப் போட வேண்டும். புழுங்கலுக்கு நெல் அவிக்கும் பொயிலரைக் காலத்துக்குக் காலம் தகுதியானவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் வேண்டும். உள்ளே ஆட்கள் இருக்கும்போது வெளியேறும் கதவு உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டியிருக்கக் கூடாது. பாரிய விபத்தைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

கதவு பற்றிய அந்தச் சிறிய விதிக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 1911 மார்ச் 25இல் நியூயோர்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தனர். ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. 101 வருடம் கழித்து, 2012 செப்டம்பர் 11இல் கராச்சியின் பல்தியா டவுனில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தனர். தீ வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழிகள் அடைபட்டிருந்ததால்தான் அத்தனை பேர் வெளியே வரமுடியாமல் போனார்கள். களவு போகும் என்ற பயத்தில் பூட்டப்படும் கதவு, நெருப்பு வரும்போது கப்றின் கதவாகிவிடுகிறது.

நமது நாட்டிலும் பாடம் உண்டு. 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு இறப்பர் தொழிற்சாலையின் அமோனியா தாங்கியில் ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து 5 பேர் இறந்தனர். நல்ல மனதோடு பாய்ந்தவர்களே மௌத்தானார்கள். ஐஸ் பெக்டரிகளிலும் அமோனியா பாவிக்கப்படுவதுண்டு. மூடிய தாங்கிக்குள், குழிக்குள் எப்படி இறங்குவது, எப்போது இறங்கவே கூடாது என்று பழக்கிவைப்பது முதலாளியின் பொறுப்பு. துணிச்சல் மட்டும் அந்த இடத்தில் போதாது. இப்படியான பயிற்சிக்கும் ஆலோசனைக்குமென 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் ஒன்றும் உருவாக்கப்பட்டது.

சரி, நட்டஈட்டுக்கு ஒரு சட்டம், தடுப்புக்கு ஒரு சட்டம். ஆனால் கையோ காலோ போன அந்த மனிதர்? அவருக்கு இன்னும் 30 வருட உழைப்பு மீதம் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கின்றனர். அவர் திரும்ப வேலைக்கு வரலாமா?

இந்தக் கேள்விக்குச் சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன்அனுமதி வேண்டும் என்றது. "நீ இனி ஏலாது, வராதே" என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பெண்கள், சிறுவர்கள், அங்கவீனமுற்றோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்ய இடம் தந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1981ஐ மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. 1988இல் பொது நிருவாக அமைச்சின் 27/88 இலக்கச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை அவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது.

பெரிய திருப்பம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23ஆம் பிரிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்கோ பாடசாலைக்கோ சேர்க்காமல் பாரபட்சம் காட்டக் கூடாது. பொதுமக்கள் போகும் எந்தக் கட்டடத்திலும் இடத்திலும் அவருக்குத் தடை இருக்கக் கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசாங்கத்துக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. தனியார் முதலாளிக்கும்தான்.

2006 ஒக்டோபரில் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற 3 வருட அவகாசம் தந்தார்கள். 2009 வந்தது, பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்போது கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைப் போட்டார். அவர் ஒரு இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் அவரது கார்மீது மரம் விழுந்து, வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இனிக் கட்டும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமைய வேண்டும், மீறும் வரைபடத்துக்கு அனுமதியோ கட்டட முடிவில் இசைவுச் சான்றிதழோ கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றது.

இந்தத் திகதிகளை நமது ஊரின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். பெரும் அழிவைக் கண்டவை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள். அதற்குப் பிறகுதான் நமது பாடசாலைகள், கடைத்தொகுதிகள், அலுவலகங்கள் பலவற்றைப் புதிதாகக் கட்டினோம். அணுகல் விதிகள் வந்த 2006, நாம் கட்டிக்கொண்டிருந்த காலம். யுத்தத்திலும் சுனாமியிலும் கால் இழந்தவர்கள் நம்மத்தியில் இருந்த காலம். சாய்தளம் ஒன்றும் பெரிய செலவில்லை. ஓர் அடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சரிவு என்பது உலகம் ஏற்ற பொதுவான அளவு. கட்டும்போதே போட்டால் கொஞ்சம் கல்லும் சீமெந்தும்தான். கட்டி முடித்து உடைத்துப் போடும்போதுதான் கை கடிக்கும்.

வேலைப் பாதுகாப்புச் சட்டத்தையும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும் வேறுவேறு புத்தகமாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. பெல்ட்டுக்கு மறைப்பில்லாத மில்லில் காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் மாற்றுத்திறனாளியாகிறார். 1934 அவருக்கு நட்டஈடு தருகிறது. 1942 அந்த விபத்தைத் தடுத்திருக்க வேண்டும். 1996 அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வாசல் திறக்கிறது. மூன்றிலும் பொறுப்பு முதலாளிக்கே. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் பாரமாக வந்து அவர் தலையிலேயே விழும்.

ஒற்றைக் கையோடு கணக்குப் பார்க்கலாம், தராசில் நிற்கலாம், மேற்பார்வை செய்யலாம். கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே போகும்போது பலமுறை அவரையே பொறுப்பாக நிறுத்தினார்கள். அவருக்கு அன்றாடத் தர்மம் மட்டும் கொடுத்து மூலையில் உட்காரவைக்கவில்லை. உமையா கலீபா முதலாம் வலீத் (705-715) நடக்க முடியாதவருக்கு உதவியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அரச செலவில் கொடுத்ததாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். வேலையும் உண்டு, வேலை செய்ய வசதியும் உண்டு. இன்றைய சட்டம் கேட்பதும் அவ்வளவுதான்.

சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வயலுக்கும் கடைக்கும் ஆழ்கடல் படகுக்கும் வராது. மருதமுனையில் வீட்டுத் தறியில் தனியே நெய்யும் சகோதரியும் அதற்கு வெளியேதான். நமது ஊரின் உழைப்பில் பெரும்பகுதி இந்த இடங்களில்தான் நடக்கிறது. இங்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று நமது மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பதும் நமது வேலைதான்.

இருக்கும் சட்டத்தில் உடனே செய்யக்கூடியவை:

முதலாளிமாரே, சுழலும் இடங்களுக்கு மறைப்புப் போடுங்கள். பொயிலர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தொழிலாளர் விபத்துக்குக் காப்புறுதி எடுங்கள். ஒரு பெரிய விபத்து உங்கள் மில்லையே விற்கவைக்கும். காப்புறுதித் தவணை அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

தொழிலாளித் தம்பிமாரே, விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிக் கடதாசிகளைப் பத்திரப்படுத்துங்கள். எங்கே, எப்போது, யார் முன்னால் நடந்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தொழில் திணைக்களத்தின் நமது பகுதி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். தினக்கூலி என்பதால் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்தினரே, இணக்கம் பேசுவது நல்லது. ஆனால் பேச உட்காரும் முன், சட்டப்படி அவருக்கு எவ்வளவு வரும் என்று முதலில் கேட்டறியுங்கள். அதற்குக் குறைத்து முடிக்கும் ஸுல்ஹு பலவீனமானவரின் ஹக்கில் கைவைப்பதாகிவிடும். பள்ளியின் வுழூ எடுக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலி போகுமா என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

நாங்கள் படிப்பிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சாதாரண தரம் எழுதிய கையோடு பட்டறைக்கும் மில்லுக்கும் போகிறார்கள். யுத்தங்களின் திகதிகளையும் மன்னர்களின் பெயர்களையும் மனனமாக்கிக்கொண்டு போகும் அவர்களுக்கு, தமது பத்து விரல்களையும் காக்கும் சட்டத்தின் வருடம் 1942 என்பது தெரிவதில்லை. வீட்டில் ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள். நாங்கள் வகுப்பில் சொல்கிறோம்.

காயப்பட்டவரின் வீட்டுக்கு நோன்பு காலத்தில் அரிசி கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அது நமது ஊரின் அழகு. ஆனால் ஹக்கைக் கொடுத்த பிறகு கொடுப்பதுதான் ஸதகா.

பயன் எனக் கண்டால் பகிருங்கள். மில் வைத்திருக்கும் ஒரு மச்சானுக்காவது அனுப்பிவிடுங்கள். நமது உழைப்பாளிகளை அல்லாஹ் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.